காலிக் கேன்

வேன் திரும்பி வரும் சத்தத்தை வைத்தே அன்றைய வியாபாரம் எப்படி என்று சொல்லிவிடுவேன். தண்ணீர்க் கேன் கொட்டகைக்கு எதிர் வரிசையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு காலை முதல் இருட்டும்வரை உட்கார்ந்திருக்கிறவளுக்கு இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி? காலிக் கேன்கள் நிறைய இருந்தால் தெருத் திருப்பத்தில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கடகடவென்று ஊரைக் கூட்டும். அன்றைக்கு வேன் வந்து நின்றதே எனக்குத் தெரியவில்லை. ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தால், வேனின் பின்பக்கம் லோடு திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றிருந்தான்.

லோடு என்பது அவன் பெயரில்லை. லோடு வேன் ஓட்டுவதால் அப்படி ஆகிவிட்டது. மீசையும் தொப்பையுமாக இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன். கொட்டகையை நடத்தும் தண்ணிக்காரருடைய மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. அந்த அம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் பிரஷ்ஷோடு வெளியே வந்தாள்.

"மீதி எங்கடா?"

"மீதின்னு ஒண்ணு இல்லக்கா. இதான்."

"விளையாடாத. வெயில் மண்டையைப் பொளக்குது. அடுத்த தெருவுல எறக்கி வெச்சிட்டு வந்திருக்கியா?"

"சத்தியமா இதான்க்கா. எறக்கினது வண்டி நெறைய. ஏறினது இவ்வளவுதான். வீட்டுக்கு வீடு கேட்டேன். கேன் இல்லைன்றாங்க."

"கேன் இல்லைன்னா? தின்னுட்டாங்களா?"

உள்ளிருந்து தண்ணிக்காரர் தலையை நீட்டி, "விடும்மா, நாளைக்கு வந்துடும். எங்க போயிடப் போவுது?" என்றார். எதற்கும் விடும்மா என்பார் அந்த மனுஷன். அவர் வாயிலிருந்து அதிகம் வந்த வார்த்தையே அதுதான்.

எங்கள் பக்கத்து நிலத்தடித் தண்ணீர் வாயில் வைக்க விளங்காது. உப்பு. சோப்புப் போட்டால் நுரைகூட வராது. அதனால்தான் அவர் அந்தத் தகரக் கொட்டகையில் மெஷினை இறக்கினார். தண்ணீர் மணலில் இறங்கி, கரியில் இறங்கி, பிறகு நீளக் குழாய்க்குள் சுருட்டி வைத்திருக்கும் சவ்வு வழியாகப் பிழியப்பட்டு வரும்போது உப்பெல்லாம் போயிருக்கும். தண்ணீருக்கு யாராவது காசு கொடுப்பார்களா என்று ஊரே அவரைப் பார்த்துச் சிரித்தது. அவர் வீடு வீடாகப் போய் ஒரு டம்ளர் குடித்துப் பாருங்கள் என்று நின்றார். அப்படித்தான் ஊர் காசு கொடுத்துத் தண்ணீர் குடிக்கப் பழகியது.

தண்ணீர் எடுப்பது மெஷின் வேலை. மற்றதெல்லாம் அக்கா வேலை. வந்த கேன் ஒவ்வொன்றின் வாயிலும் மூக்கை வைத்து ஓர் இழுப்பு இழுப்பாள். "இது மெக்கானிக் வீடு. டீசல் ஊத்தி வெச்சிருக்கான், கட்டையில போறவன்" என்று ஒன்றைத் தனியே வைப்பாள். "இதுல யாரோ பினாயில் கலந்திருக்காங்க" என்று இன்னொன்று. நல்லது கெட்டது பிரித்து, மருந்துத் தண்ணீர் விட்டு, நீள பிரஷ்ஷால் உள்ளே சுழற்றித் தேய்த்து, அலசி, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்து, கவிழ்த்து வைப்பாள். அவள் விரல் நுனிகள் எப்போதும் வெளுத்துச் சுருங்கித்தான் இருக்கும். எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்தபோதுகூட கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

ஒவ்வொரு கேனின் கழுத்திலும் தண்ணிக்காரர் சிவப்புப் பெயின்டால் ஒரு வளையம் போட்டிருப்பார். அவருக்கு இருந்த ஒரே விளம்பரப் பலகை அதுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஓயாத சண்டை. கேனுக்கு அவர் அட்வான்ஸ் வாங்க மாட்டார். நிரம்பிய கேனை வைப்பார், காலிக் கேனை எடுப்பார். காலி இல்லை என்றாலும் வைத்துவிட்டு வருவார்.

"சமையல்கட்டு வரைக்கும் என்னை நம்பி உள்ள விடுறாங்க. அவங்களை நம்பி ஒரு பிளாஸ்டிக் கேனைக் குடுக்கக் கூடாதா?"

"நம்பிக்கையை நெஞ்சுல வெச்சுக்கோங்க. அட்வான்ஸைக் கையில வாங்குங்க. ரெண்டும் வேற வேற எடம்தானே?"

"விடும்மா."

காலிக் கேன்கள் எங்கே போயின என்பது அந்த வாரமே தெரிந்துவிட்டது. மஞ்சள் வேன் ஒன்று எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. தொப்பி போட்ட இரண்டு பெண்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். பெரிய கம்பெனி. டிவியில் வருமே, அப்படிப்பட்ட கம்பெனி. என் கடைக்கும் வந்தார்கள்.

"உங்ககிட்ட எந்தப் பழைய கேன் இருந்தாலும் குடுங்க மேடம். அதையே அட்வான்ஸா வெச்சுக்கிறோம். புதுக் கேன், ஸ்டாண்டு, குழாய் எல்லாம் ஃப்ரீ. தண்ணியும் வெலை கம்மி."

"எதிர்ல என்ன இருக்குன்னு பாத்தியா?" என்றேன்.

அந்தப் பெண் திரும்பிக் கொட்டகையைப் பார்த்துவிட்டு, "பாத்தோம் மேடம். அந்தக் கேனையும் எடுத்துக்கிறோம்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவளைச் சொல்லி என்ன, அவளும் வெயிலில் அலைகிறவள்தான். நான் மாற்றவில்லை. எதிரில் உட்கார்ந்துகொண்டு எந்த முகத்தோடு மாற்றுவது? வேறு தெருவில் இருந்திருந்தால் மாற்றியிருப்பேனோ என்னவோ. ஊர் மாற்றியது. பழைய கேனைக் கொடுத்தால் புதுக் கேன், அட்வான்ஸுக்குச் சாட்சியாக ஒரு மஞ்சள் அட்டை, குறைந்த விலை. யார்தான் வேண்டாம் என்பார்கள்?

லோடுதான் துப்புக் கொண்டுவந்தான். டீக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே சொன்னான்.

"மாமா, பைபாஸ் பக்கம் பழைய மரக்கடை இருந்துச்சுல்ல? அதைத்தான் டிப்போ ஆக்கியிருக்கானுங்க. பின்னால காம்பவுண்டுக்குள்ள மலை மாதிரி குவிஞ்சு கெடக்குது. எல்லாம் நம்ம கேன். வளையம் பளிச்சுன்னு தெரியுது."

"அவங்களுக்கு எதுக்குடா நம்ம கேன்?" அக்கா கேட்டாள்.

"அவங்களுக்கு எதுக்குக்கா? நமக்கு இல்லாமப் போகணும், அவ்வளவுதான். மெஷின் இருந்து என்ன? தண்ணியைக் கையில ஏந்திக்கிட்டா போய் ஊத்துவோம்?"

அக்கா பிரஷ்ஷைக் கீழே போட்டாள். தண்ணிக்காரர், "கேட்டாக் குடுத்துடுவாங்க. நம்ம பொருள்தானே" என்றார். நான் கடைக்கு ஷட்டரை இழுத்துவிட்டு அவர்களோடு கிளம்பினேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. அக்கா தனியாக அங்கே போய் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

டிப்போ மானேஜர் சின்ன வயசுக்காரன். மடிப்புக் கலையாத சட்டை. தையல் சுத்தமாக இருந்தது, ரெடிமேட்தான் என்றாலும் நல்ல இடத்தில் வாங்கியது. சண்டை போடத்தான் போனோம். அவன் எழுந்து நின்று, எங்கள் எல்லோருக்கும் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்தான். அக்கா வாங்கவில்லை. தண்ணிக்காரர் வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று வேறு சொன்னார்! தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

"தம்பி, எங்க கேன் எல்லாம் பின்னாடி இருக்கு" என்று ஆரம்பித்தார்.

"தெரியும் சார். உங்களைப் பத்தி எங்க ரிப்போர்ட்லயே இருக்கு. நல்லாத்தான் எழுதியிருந்தாங்க."

"என்னன்னு?"

"தண்ணி நல்லா இருக்கும், ஜனங்க மரியாதை வெச்சிருக்காங்கன்னு. அப்புறம், அட்வான்ஸ் வாங்குறதில்லைன்னு."

அக்கா கணவனைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் பார்த்திருக்கக் கூடாது.

"இத்தனை ஊர் இருக்கே. எங்க ஊரைத்தானா பாத்தீங்க?" லோடு கேட்டான்.

மானேஜர் கோபப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பது போலப் பேசினான். "ஜனங்க தண்ணிக்குக் காசு குடுத்தே பழகாத ஊருக்குப் போனா, அந்தப் பழக்கத்தை நாங்க உண்டாக்கணும் சார். அதுக்குத்தான் செலவு ஜாஸ்தி. இங்க அது ரெடியா இருந்துச்சு. நீங்க பண்ணி வெச்சிட்டீங்க."

"அதுக்கு இதான் மரியாதையா?" என்றாள் அக்கா.

"மேடம், புதுசா ஒரு எடத்துக்குள்ள போக மூணு வழிதான் இருக்கு. அங்க இருக்கிறவங்களை வெலைக்கு வாங்கிடலாம். இல்லைன்னா அவங்களோட கூட்டுச் சேர்ந்துக்கலாம். இல்லைன்னா தனியா எறங்கி நிக்கலாம். மேல இருக்கிறவங்க மூணையும் எழுதிப் பாத்தாங்க. உங்களை வாங்குறதை விட, நீங்களா மூடுற வரைக்கும் காத்துக்கிட்டிருக்கிறது செலவு கம்மின்னு வந்துச்சு. நான் சும்மா சொல்லலை, நிஜமாவே கணக்குப் போட்டாங்க."

"எங்களைக் கேக்கவே இல்லையே தம்பி" என்றார் தண்ணிக்காரர். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. "கூட்டுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சேர்ந்திருப்பேனே."

"அது அப்ப சார். இப்ப வேணும்னா டிரைவர் வேலைக்கு ஆள் எடுக்குறோம்."

லோடு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் அக்கா பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டிருந்தாள். வெட்டவெளியில் கேன்கள் குவிந்து கிடந்தன. வெயில் பட்டு வெளுத்துப்போய், சிலது வாய் பிளந்து. அக்கா குவியலின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து ஒன்றை எடுத்து வாயில் மூக்கை வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"இப்படிக் காய விட்டா வெடிச்சிடும்ங்க. நெழல்லயாவது போடச் சொல்லுங்க" என்று அந்த மானேஜரிடமே கெஞ்சினாள்.

அவனுக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "எடுத்துட்டுப் போங்க மேடம். எங்களுக்கு இது தேவையில்லை. ஆனா சும்மா குடுக்க முடியாது. ஒவ்வொண்ணும் ஒரு வீட்டோட அட்வான்ஸ். எங்க மஞ்சக் கேன் ஒண்ணு கொண்டாங்க, உங்களது ஒண்ணு எடுத்துக்கோங்க. எத்தனை வேணும்னாலும்."

திரும்பி வரும் வழியில் தண்ணிக்காரர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. "நியாயமாத்தான் பேசுறான்" என்றார்.

"நியாயமா? வாயில வெரலை வெச்சாக் கடிக்கத் தெரியாத மனுஷன் நீங்க. உங்களுக்கு எல்லாரும் நியாயஸ்தன்தான்."

"இல்லம்மா, யோசிச்சுப் பாரு. கையில மிச்சமிருக்கிற கேனை நெரப்பி எடுத்துட்டுப் போவோம். வீட்டுல நம்ம தண்ணியை வெச்சிட்டு மஞ்சக் கேனை வாங்குவோம். அதைக் கொண்டுபோய் டிப்போவுல போட்டு நம்மளதை எடுப்போம். கொஞ்சம் கொஞ்சமா எல்லாம் வந்துடும்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் அன்று சாயங்காலமே கேன்களைக் கழுவ உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் மனசுக்குள் ஒரு சின்ன ஆசை எட்டிப் பார்த்தது. பொய் சொல்வானேன்.

மறுநாள் அவர் முதலில் ஏறிய வீடு என் கடைக்கு மேல் மாடி. டீச்சரம்மா வீடு. கதவுக்கு வெளியே நின்று பேசியது முழுக்கக் கீழே எனக்குக் கேட்டது.

"டீச்சர், இந்தக் கேனை வெச்சுக்கிட்டு அந்த மஞ்சக் கேனைக் குடுங்க. வெலையும் அவங்க வெலைதான்."

"மஞ்சக் கேனைக் குடுத்துட்டா இந்தக் கார்டை என்னண்ணே பண்றது? அட்வான்ஸ் போயிடுமே."

"அந்த அட்வான்ஸே என் கேன்தான் டீச்சர்."

 டீச்சரம்மா, "உங்க கேனா? எங்ககிட்டக் காசே வாங்கலையே நீங்க. வருஷக்கணக்கா வீட்டுல கெடந்துச்சு. சும்மா குடுத்ததுன்னுல்ல நெனச்சோம்?" என்றாள். அந்த அம்மா திருடியில்லை, ஏமாற்றுக்காரியில்லை. மனசாரத்தான் சொன்னாள். அதுதான் கொடுமை.

"ஓ. அப்படி நெனச்சிட்டீங்களா" என்றார் தண்ணிக்காரர்.

நிரம்பிய கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு அப்படியே படியிறங்கி வந்தார். என் கடை பெஞ்சில் உட்கார்ந்தார். கேனைக் கீழே இறக்கி வைக்கக்கூடத் தோன்றாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நான் டீக்கடைக்குக் குரல் கொடுத்து டீ சொன்னேன். டீ வந்தது. ஆறியது.

"தையல்காரம்மா, நீங்களும் அப்படித்தான் நெனச்சீங்களா?"

"இல்லண்ணே" என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. மெஷினில் நூல் கோர்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

எல்லா வீட்டிலும் அதே கதைதான். அட்டை, அட்வான்ஸ், அட்டை. கடன் வாங்கிப் புதுக் கேன்கள் கொஞ்சம் இறக்கினார். இந்த முறை அக்கா சொன்னபடி அட்வான்ஸ் கேட்டார். "அவங்களே கையில காசு வாங்கலை, நீங்க வாங்குறீங்களே அண்ணே, மாறிட்டீங்களே" என்றது ஊர். அக்கா அன்று முழுக்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு காதில் விழாமலிருக்க நான் உள்ளே போய் ஃபேனைப் போட்டுக்கொண்டேன்.

விற்பனை நின்றாலும் மெஷினை நிறுத்த முடியாது. உள்ளே இருக்கும் சவ்வு காய்ந்தால் தொலைந்தது. அதனால் தினமும் காலையில் மெஷினை ஓட்டுவார். நல்ல தண்ணீர் குழாய் வழியாக வந்து, வாங்க ஆள் இல்லாமல், சாக்கடையில் போகும். கோடை உச்சியில் தெருவே அனலடிக்கும்போது, ஊரிலேயே சுத்தமான தண்ணீர் என் வாசல் வழியாக ஓடிக்கொண்டிருந்தது. நாய்கள் மட்டும் வந்து குடித்தன. ஜனங்கள் ஒருத்தரும் பாத்திரம் எடுத்துக்கொண்டு வரவில்லை. அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சம். அவரும் யாரையும் கூப்பிடவில்லை.

லோடு வேலைக்கு வருவது குறைந்தது. ஒரு நாள் வந்து வாசலிலேயே நின்றான்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"தெரியும். மஞ்சச் சட்டை வாங்கிட்டியாமே. போட்டுக்கிட்டே வந்திருக்கலாமே, பாத்திருப்பேன்."

"பிள்ளைங்க இருக்குதேக்கா."

"நான் உன்னை ஏதாவது கேட்டேனாடா? போ. எங்கயாவது போய்ப் பொழைச்சுக்கோ. இங்க நின்னுக்கிட்டு மூஞ்சியைத் தொங்கப் போடாத, எனக்கு ஆவாது."

அவன் போகாமல் நின்றான். "மாமாகிட்ட நீயே சொல்லிடுக்கா. இன்னிக்கு டிப்போவுக்குப் பிளாஸ்டிக் அரைக்கிற மெஷின் வந்துச்சு. பின்னாடி கெடந்த கேன் எல்லாத்தையும் அரைச்சு மூட்டை கட்டி அனுப்பிட்டாங்க. எடம் அடைக்குதாம்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். லோடு ஏத்தினதே நான்தான்க்கா. மொத நாளே அந்த வேலைதான் குடுத்தாங்க." சொல்லிவிட்டு உடைந்து அழுதான். அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அவன் அழுததைப் பார்க்கச் சகிக்கவில்லை. அக்காதான் அவனை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். திட்டிக்கொண்டேதான் சாய்த்துக்கொண்டாள்.

உள்ளே மெஷின் ஓடும் சத்தம் நின்றது. அவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

வெளியூர்க்காரன் ஒருவன் வந்து மெஷினை விலைக்கு வாங்கிக் கழற்றிக்கொண்டு போனான். வந்த காசு கடனுக்கே சரியாகப் போனது. குழாய்களைப் பிரித்தபோது தண்ணிக்காரர்தான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார், எந்த நட்டு எப்படித் திருகும் என்று சொல்லிக் கொடுத்தார். சவ்வை ஈரத் துணியில் சுற்றி, "காய விட்டுடாதீங்க, போனதும் மாட்டிடுங்க" என்று வண்டி கிளம்பும்வரை சொல்லிக்கொண்டேயிருந்தார். கொட்டகை மட்டும் நின்றது. அக்கா என் கடைக்கு வந்து பட்டன் தைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். ஊறி ஊறிப் பழகிய விரல்களுக்கு ஊசி சரியாக நிற்கவில்லை. அடிக்கடி குத்திக்கொள்வாள்.

மஞ்சள் கம்பெனி தண்ணீர் விலையை ஏற்றியது. ஊர் முணுமுணுத்துக்கொண்டே வாங்கியது. வேறு என்ன செய்வது?

அடுத்த கோடை தொடங்கியபோது ஒரு நாள் மஞ்சள் வேன் வரவில்லை. மறுநாளும் இல்லை. லோடு நடந்து வந்தான், வேன் சாவிகூடக் கையில் இல்லை.

"மூடிட்டாங்கக்கா. மேல இருக்கிறவங்க திரும்பக் கணக்குப் போட்டாங்களாம். சின்ன ஊரெல்லாம் கட்டுப்படியாகலையாம். பெரிய ஊருங்க மட்டும் போதும்னு முடிவு பண்ணிட்டாங்க. மானேஜரையே மாத்திட்டாங்க. போறப்ப அவர் என்கிட்ட, உங்க மாமாகிட்ட வருத்தப்பட்டேன்னு சொல்லுங்கன்னார்."

"வருத்தத்தை எந்தக் கேன்ல ஊத்தி வெக்கிறது?" என்றாள் அக்கா. ஊசியை வாயில் கடித்துக்கொண்டு அடுத்த பட்டனை எடுத்தாள்.

விடிந்து நான் ஷட்டரைத் தூக்கும்போது கொட்டகை வாசலில் கூட்டம். டீச்சரம்மா, மெக்கானிக், டீக்கடைக்காரர், அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு. எல்லோர் கையிலும் மஞ்சள் கேன், சிலர் கையில் அட்டைகூட. உப்புத் தண்ணீரைக் குடித்துக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று ஒருத்தி. "அண்ணே, நீங்கதான் பழையபடி ஆரம்பிக்கணும். நீங்க இல்லாம ஆவாதுண்ணே" என்று இன்னொருத்தர். மெஷின் போனது அவர்களுக்குத் தெரியாதா, தெரிந்தும் கேட்டார்களா, எனக்கு விளங்கவில்லை. வாய்வரை வந்துவிட்டது எனக்கு. நல்லா நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

தண்ணிக்காரர் வெளியே வந்து எல்லோரையும் பார்த்தார். உள்ளே மெஷின் இல்லை என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"வைங்க" என்றார். "வரிசையா வைங்க."

வெட்டிய டிரம்மை இழுத்துப் போட்டு, உப்புத் தண்ணீரை நிரப்பி, நீள பிரஷ்ஷைத் தேடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அக்கா என் கடையிலிருந்து மெதுவாகத் தெருவைத் தாண்டிப் போனாள். "என்னங்க பண்றீங்க?" என்றாள். அவர் பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கினார்.  அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முதல் மஞ்சள் கேனை எடுத்து வாயில் மூக்கை வைத்தாள்.

"டீசல்" என்று மெக்கானிக்கைப் பார்த்தாள். "இன்னும் திருந்தலையா நீ?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் முகர்ந்து கொடுக்கக் கொடுக்க அவர் தேய்த்தார், அலசினார், வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தார், கவிழ்த்து வைத்தார். வெயில் ஏறியது. வாசல் முழுக்க மஞ்சள் கேன்கள் சுத்தமாக வரிசையில் நின்றன. ஜனங்கள் குடையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். எதை நிரப்பித் தரப்போகிறீர்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவர் அடுத்த கேனுக்குக் கையை நீட்டினார்.